களிப்பும் நிலைத்த இன்பமும்



களிப்பு வேறு, நிலைத்த இன்பம் வேறு. தோல் பதனிட்டும் தெருக்கூட்டியும் தேய்ந்த அருந்ததியர்க்கு, பட்டியல் இனத்தாரின் 18 விழுக்காட்டினுள் 3 விழுக்காடு ஒதுக்கும் சட்டம் 2009-இல் வந்தது. அத்தகைய உள்ஒதுக்கீடு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டு 1-இல் தீர்ப்பளித்தபோது, கோவையில் நாம் பட்டாசு வெடித்தோம், இனிப்பு வழங்கினோம். உழைத்துக் களைத்தவர்க்கு அக்களிப்பும் வேண்டியதே. ஆயினும் புகை அன்றிரவே கலைந்தது.

நம் பெண் பத்தாம் வகுப்போடு நின்று ஆலைக்குச் செல்வாளாயின், ஒதுக்கிய இடம் அவளுக்கு எட்டுமா? நாள்தோறும் மாலையில் அவளருகே அமர்ந்து பாடம் கேட்போம். அவள் பட்டம் பெற்றால், அவ்வின்பம் அவளோடு முடியாது. அவள் பிள்ளைகளுக்கும் அதுவே முதலாகும். சட்டம் கதவைத் திறந்தது; பிள்ளைகளைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துச் செல்வது நம் கடன்.