பகுத்தல் பிரித்தலன்று



புக்கிட் தெங்காவுக்கு வரும் மடல்களில் 14000 என்னும் அஞ்சல் குறியீட்டைக் காண்கிறோம். அது புக்கிட் மெர்த்தாஜாமுக்குரிய எண். தொலைவில் மடல்களை வகைப்படுத்துவோர் நம் தெருக்களை அறிய வேண்டுவதில்லை, அவ்வெண்ணே போதும். தெருவையும் வீட்டையும் இங்குள்ள அஞ்சல்காரர் அறிவார். கணினி வலையமைப்பைத் துணைவலைகளாகப் பகுக்கும் முறையும் இக்கருத்தின்மேல் எழுந்ததே.

நாம் பெரிதும் வழங்கும் இணைய முகவரி 32 இருமங்கள் கொண்டது. முற்பகுதி வலையைச் சுட்டும். பிற்பகுதி கணினியைச் சுட்டும். ஒரு நிறுவனத்துள் பல வலைகள் தோன்றியபோது ஒவ்வொன்றுக்கும் தனி வலையெண் பெற்றால், ரவுட்டர் எனப்படும் திசைவிகள் அவை அனைத்துக்கும் வழிக்குறிப்பு வைத்திருக்க நேரும். இதற்குத் தீர்வாக, ஜெஃப்ரி மோகல், ஜான் போஸ்டல் ஆகியோர் எழுதிய ஆர்.எஃப்.சி. 950 என்னும் ஆவணம் 1985 ஆகஸ்டில் துணைவலைக்கு நெறி வகுத்தது. புறத்தார்க்கு அது ஒரே வலை. அகத்தே பல பகுதிகள்.

ஒரு பள்ளியை எண்ணிப் பார்ப்போம். 192.168.10.0 என்னும் வலையில் 254 கருவிகள் இணையலாம். அலுவலகம், ஆசிரியர் அறை, கணினிக்கூடம், விருந்தினர் என நான்காகப் பகுக்க, கணினிக்குரிய 8 இருமங்களுள் 2 இருமங்களை வலைக்கு அளிக்கிறோம். அவ்வெல்லையைக் காட்டும் மறைப்பெண் 255.255.255.192. ஒவ்வொரு பகுதிக்கும் 64 முகவரிகள் கிட்டும். முதல் எண் அப்பகுதியின் பெயர். இறுதி எண் அனைவரையும் ஒருங்கே விளிப்பது. எஞ்சுவன 62. நான்கிலும் சேர்த்து 248. பகுப்புக்கு நாம் தரும் விலை ஆறே முகவரிகள்.

பயனோ பெரிது. கணினிக்கூடத்தில் எழும் பொதுவிளி அலுவலகக் கணினிகளைச் சென்று தொல்லைப்படுத்தாது. மாணவர்தம் மதிப்பெண் பதிவேடும் விருந்தினரின் கைப்பேசியும் ஒரே வலையில் கிடக்கும் நிலை நீங்கும். ஆயினும், சுவர் எழுப்பியதனாலேயே கதவு பூட்டப்பட்டதாகாது. எப்பகுதியிலிருந்து எப்பகுதிக்குச் செல்லலாம் என்னும் விதியைத் திசைவியில் எழுதிய பின்னரே அப்பதிவேடு காக்கப்படும்.

இரண்டின் அடுக்குகளை அறிந்த மாணவர் எவரும் இக்கணக்கைத் தமிழிலேயே செய்து பார்க்கலாம். வகுப்பறையில் ஒரு தாளும் எழுதுகோலும் போதும். தம் பள்ளியின் வலையை அவர்களே பகுத்து வரையட்டும். எங்கே பூட்டு வேண்டும் என்பதையும் அவர்களே சொல்லட்டும்.