சாக்லேட் அரைக்கும் சிறு கிரைண்டர்



மும்பையின் கிழக்கு ஓரத்தில், ட்ராம்பேயின் உப்பங்கழிகளை அடுத்துச் சீத்தா கேம்ப் என்னும் குடியிருப்பு இருக்கிறது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனி, நெருக்கடி நிலைக் காலமாகிய 1976ஆம் ஆண்டு மே மாதத்தில் அப்புறப்படுத்தப்பட்டபோது, அங்கு வாழ்ந்த மக்கள் இங்கே கொண்டுவந்து குடியேற்றப்பட்டனர். அவர்களில் தமிழர் பலர். எம் வீட்டு முதியோர் அன்று லாரியில் ஏற்றி வந்த பொருள்களில் ஆட்டுக்கல்லும் ஒன்று. கட்டிலை விட்டுவந்தவர்கள் கல்லை விடவில்லை! அந்தக் கல் இன்று வாசற்படியருகே கவிழ்ந்து கிடக்கிறது. அதன் வேலையை உள்ளே மின்சாரக் கிரைண்டர் செய்கிறது. சில ஆண்டுகளாக அக்கிரைண்டர் வேறொரு வேலையும் செய்துவருகிறது. அதைப் பற்றியே இன்று பேச எண்ணினோம்.

கொக்கோ விதையை வீட்டிலேயே வறுத்து, முறத்தில் புடைத்து உமி நீக்கி, சர்க்கரையுடன் அரைத்துச் சாக்லேட் செய்கிறோம். இதைக் கேட்ட உறவினர் சிலர் நகைத்தனர். நகைப்பதற்கு ஏதுமில்லை. கொக்கோவின் தாயகமான நடு அமெரிக்காவில் பண்டை மக்கள் அதை அரைத்தது, நம் அம்மியையும் குழவியையும் ஒத்த மெட்டாட்டே என்னும் கல்லில்தான். இட்லி மாவுக்கென மின்சாரக் கிரைண்டரை 1955ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் உருவாக்கியவர் பி. சபாபதி என்பர். கோவைக் கிரைண்டர் பின்னர் புவிசார் குறியீடும் பெற்றது. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்து ஜான் நான்சி என்பவர், வீட்டில் சாக்லேட் செய்ய விரும்புவோர்க்கு ஏற்ற சிறு இயந்திரத்தைத் தேடியலைந்து, நம் மேசைக் கிரைண்டரில் வந்து நின்றார். அதன்பின் அந்நாட்டுச் சிறு சாக்லேட் தொழிலோர் பலரும் இதையே நாடினர். நாம் தோசைக்கு வாங்கிய பொறியைக் கொண்டு அவர்கள் ஒரு புதுத் தொழிலே தொடங்கியதை அறிந்தபோது, நமக்குச் சற்றே வெட்கமாகவும் இருந்தது.

ஆனால் மாவரைப்பதும் சாக்லேட் அரைப்பதும் ஒன்றல்ல. இந்த வேற்றுமையை உணராமல் தொடங்குவோர் பொறியைக் கெடுத்துக்கொள்வர். மாவு அரை மணியில் முடிந்துவிடும். ஊற்றும் நீர் கல்லைக் குளிரவைக்கும். புஷ்களுக்கு வழுவழுப்பும் தரும். சாக்லேட்டிலோ ஒரு துளி நீரும் ஆகாது. நீர் பட்டால் முழுதும் திரண்டு கட்டியாகிவிடும். கொக்கோ விதையில் ஏறத்தாழப் பாதி கொழுப்பு. அக்கொழுப்பு சுமார் 34 பாகை வெப்பத்தில் உருகிக் குழம்பாகிறது. அக்குழம்பில்தான் மற்றவை மிதந்து அரைபட வேண்டும். ஆதலின் மாவுக்குக் குளிர்ச்சி நன்று. இதற்கோ வெம்மை வேண்டும். நாவானது 30 மைக்ரானுக்கு மேற்பட்ட துகளை நறநறப்பாக உணரும். அதற்கும் கீழே கொண்டுவர 24 மணி நேரமாவது கல் சுழல வேண்டும்; நாம் 48 மணி வரை ஓட்டுவதுண்டு. சுவிட்சர்லாந்தின் ரோடல்ஃப் லிண்ட் 1879ஆம் ஆண்டு வழவழப்பான சாக்லேட்டைக் கண்டது, பொறியை நிறுத்த மறந்து வார இறுதி முழுதும் ஓடவிட்டதால் என்றொரு கதை உண்டு. கதை மெய்யோ பொய்யோ, நெடுநேர அரைவையின் பயன் மெய். அரை மணி நேர வேலைக்கென அமைந்த மோட்டார் இதைத் தாங்குமா என்பதே கேள்வி.

தாங்காத நாள் ஒன்றை நாம் கண்டோம். 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் வேலையிழந்த வீடுகளில் எமதும் ஒன்று. கையிருப்பைக் கொண்டு கேரளத்துக் கொக்கோ விதை வாங்கி, விற்பனைக்கென முதன்முதலாக அரைக்கத் தொடங்கியிருந்தோம். அக்டோபர் 12, திங்கட்கிழமை. காலை பத்து மணியளவில் மும்பை மாநகர் முழுதும் மின்சாரம் நின்றது. முதல் நாள் மாலையிலிருந்து சுழன்ற கல்லும் நின்றது. உள்ளே ஒரு கிலோ சாக்லேட். வந்துவிடும், வந்துவிடும் என்று காத்திருந்தோம். குளிர் நாடானால் அது கல்லாகவே இறுகியிருக்கும். நம் ஊர் வெப்பத்தில் களிமண்போல் தடித்தது. சுவிட்சை அணைக்க வேண்டும் என்பது எவர்க்கும் தோன்றவில்லை. தண்ணீர் பிடிக்கச் சென்ற வேளையில் மின்சாரம் திரும்பிவிட்டது. குழவிகள் அசையாமல் மோட்டார் மட்டும் முனகிக்கொண்டிருந்தது. நாம் வந்தபோது ரப்பர் கருகும் நாற்றமும் புகையும் வீட்டை நிறைத்திருந்தன. மோட்டாரின் கம்பிச்சுற்று எரிந்துபோயிற்று. தகரமும் பலகையும் நெருங்கிய சந்தில் அந்தப் புகை நெருப்பாகாமல் நின்றது எம் நற்பேறு.

அன்று முதல் இரண்டு செயல்களை விடாமல் கடைப்பிடிக்கிறோம். மின்சாரம் நின்றவுடனே பிளக்கைப் பிடுங்கிவிடுகிறோம். குழம்பு சூடாக இருக்கும்போதே குழவித் தொகுதியைத் தூக்கியெடுத்துத் தட்டில் வைத்துவிடுகிறோம். மீண்டும் ஓட்டுமுன் பாத்திரத்தின் வெளிப்புறத்தையும் குழவிகளையும் முடி உலர்த்தும் கருவியால் சூடேற்றி, கையால் ஒருமுறை சுற்றிப் பார்க்கிறோம். கைக்குச் சுற்றாத கல் மோட்டாருக்கும் சுற்றாது.

புதிதாகத் தொடங்கும்போதும் இந்த வெம்மை வேண்டும். குளிர்ந்த கல்லில் கொக்கோப் பருப்பை மொத்தமாகக் கொட்டினால் குழவி துள்ளும், பெல்ட் வழுக்கும். பருப்பையும் கல்லையும் சற்றே சூடாக்கி, பருப்பை முதலில் மிக்சியில் பொடித்து, கைப்பிடி கைப்பிடியாக இட வேண்டும். முன்னிட்டது இளகிய பின்பே அடுத்தது. அரைக் கிலோ இடுவதற்கு நாம் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்கிறோம். பொறுமையற்றோர் இதில் இறங்க வேண்டா. சர்க்கரை பின்னர்தான், அதுவும் நன்கு உலர்ந்ததாக இருக்க வேண்டும்.

இனி, தேயும் உறுப்புகளைப் பார்ப்போம். குழவிகளின் நடுவே தண்டைப் பற்றியிருக்கும் நைலான் புஷ்களே முதலில் தேய்பவை. சர்க்கரைத் துகள் கடினமானது. தண்டுக்கும் புஷ்ஷுக்கும் இடையே புகுந்து அரம்போல் அராவுகிறது. தேய்ந்த புஷ் முதலில் ஒலியால் தன்னை அறிவிக்கும். சீரான உருளொலியின் நடுவே ‘டக், டக்’ என்று ஒரு தட்டல் கேட்கும். குழவியைக் கையில் பிடித்து ஆட்டினால் பக்கவாட்டில் ஆடும். அந்நிலையிலும் ஓட்டுவோமாயின் தேய்ந்த நைலான் போகுமிடம் சாக்லேட்டே அன்றி வேறில்லை. ஒருமுறை எமக்கு இது நேர்ந்தது. வடித்த குழம்பில் வெண்ணிறச் சீவல்கள் தென்பட்டன. ‘வடிகட்டி விற்றுவிடலாமே’ என்று வீட்டில் ஒருவர் சொல்லாமலில்லை. கண்ணுக்குத் தெரிந்ததை வடிகட்டலாம். தெரியாததை எவ்வாறு வடிகட்டுவது? அந்த ஒரு கிலோவையும் கொட்டினோம். அம்மாத வருவாயில் அது சிறு தொகையன்று. இப்போது ஒவ்வோர் அரைவைக்கும் முன்னர் புஷ்களைக் கழற்றிப் பார்க்கிறோம். ஒரு மாற்றுத் தொகுதி டப்பாவில் எப்போதும் இருக்கிறது. அவ்விடத்தில் மோட்டார் எண்ணெயோ கிரீசோ இடுவது பெரும் பிழை. கொக்கோ வெண்ணெயைச் சிறிது தடவினால் போதும்.

அடுத்தது பெல்ட். இது அடிப்பகுதியில் மறைந்திருப்பதால் பலர் நினைப்பதே இல்லை. கரிய பொடி உதிர்ந்திருந்தாலும், ஓரம் பிசிறியிருந்தாலும், கல் தொடங்கும்போது கீச்சென்று ஒலித்தாலும் மாற்றிவிட வேண்டும். அத்துடன் காற்றுத் துளைகளில் அடைந்த மாவுத் தூசியைத் தூரிகையால் துடைத்தெடுக்க வேண்டும். இட்லி மாவு காய்ந்து அத்துளைகளை அடைத்திருப்பதைப் பத்து வீடுகளில் ஏழெட்டு வீடுகளிலாவது காணலாம் என்று பந்தயமே கட்டுவோம்.

பொறியை மேம்படுத்துவது பற்றியும் கேட்கிறார்கள். நாம் செய்த மேம்பாடுகள் எளியவை. கிரைண்டரை நான்கு மரத்துண்டுகளின் மேல் உயர்த்தி, அடியில் காற்றுப் புகுமாறு ஒரு சிறு விசிறியை வைத்தோம். மோட்டாரின் உறை அதன்பின் கைபொறுக்கும் சூட்டிலேயே நிற்கிறது. குழவிகளைக் கீழே அழுத்தும் திருகு உள்ள மாதிரியை வாங்கினோம். அஃதின்றிக் குழவி தன் எடையால் மட்டுமே அழுத்தும், நுண்மை வர நேரமாகும். திருகை முதல் சில மணி நேரம் தளர்த்தியே வைத்து, குழம்பு நன்றாக இளகிய பின் கால் சுற்றுக் கால் சுற்றாக இறுக்க வேண்டும். ஒரேயடியாக இறுக்கினால் சுமை முழுதும் மோட்டாரின் தலையில் விழும். புதுப் பொறி எவ்வளவு மின்னோட்டம் இழுக்கிறது என்பதை மின்பணியாளரைக் கொண்டு அளந்து சுவரில் எழுதிவைத்துள்ளோம். பின்னர் அளக்கும்போது அது கூடியிருந்தால் பெல்ட்டோ புஷ்ஷோ திருகோ எங்கோ குறை என்று பொருள். மின்னழுத்தம் தாழ்ந்த நேரங்களிலும் மோட்டார் மிகுதியாகச் சூடேறும் என்பதை இங்கே நினைவிற் கொள்ளுதல் நலம்.

பெரிய மோட்டார் பூட்டித் தருகிறேன் என்போரும் உளர். எமக்கு அதில் உடன்பாடில்லை. வலிய மோட்டார் குறையை நீக்காது, மறைக்கும். தேய்ந்த புஷ்ஷையும் இறுகிய கல்லையும் பொருட்படுத்தாமல் இழுத்துச் சென்று, பெல்ட்டையோ பாத்திரத்தின் அடியையோ உடைக்கும். மேலும் கல்லின் வேகம் மிகுந்தால் குழம்பு பாத்திரத்தின் சுவரில் ஏறி நிற்கும். கல்லுக்கு இடையே இறங்காது. அப்பணத்தில் இரண்டாவது பாத்திரமும் குழவியும் வாங்குவது மேல். ஏனெனில் கொக்கோக் கொழுப்பு எந்த மணத்தையும் ஈர்த்துக்கொள்ளும். வெந்தயமும் உளுந்தும் அரைத்த கல், எவ்வளவு கழுவினாலும் சாக்லேட்டுக்குத் தன் பழைய மணத்தைக் கொடுக்கும். எம் முதற் சாக்லேட்டில் அடைமாவின் மணம் வீசியதை இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

புதுக் கல்லை நேரே பயன்படுத்தலாகாது. மாவுக் கல்லுக்குச் செய்வதுபோல் முதலில் ஊறிய அரிசியை அரைத்துக் கொட்டி, கழுவி, வெயிலில் முற்றும் உலர்த்திய பின், சர்க்கரையும் சிறிது சமையல் எண்ணெயும் இட்டு ஓட்ட வேண்டும். அது சாம்பல் நிறமாக வந்தால் கொட்டிவிட்டு மறுபடியும் செய்ய வேண்டும். சந்தில் வரும் அம்மி கொத்துபவரிடம் இக்கல்லைக் கொடுக்க வேண்டா; கொத்திய கல்லின் சில்லு சாக்லேட்டில் பல்லை உடைக்கும். அடுப்பிலோ ஓவனிலோ கல்லை வைத்துச் சூடாக்குவதும் தவறு. பாத்திரத்தையும் அடிக்கல்லையும் இணைத்துள்ள ஒட்டுப்பசை இளகிவிடக்கூடும்.

மழைக்காலம் எமக்குக் கடினமான காலம். சூன் முதல் செப்டம்பர் வரை காற்றிலேயே நீர் நிற்கிறது. சர்க்கரை கசிகிறது, வறுத்த பருப்பும் ஈரம் கொள்கிறது. வறுத்த அன்றே அரைத்துவிடுகிறோம்; சர்க்கரையை இளஞ்சூட்டில் உலர்த்திக் கொள்கிறோம். பாத்திரத்தை ஒவ்வொரு முறையும் கழுவுவதில்லை. சுரண்டி, துணியால் துடைத்து, மூடிவைக்கிறோம். கழுவ நேர்ந்தால் வெயில் வரும் நாள்வரை காத்திருக்கிறோம். விற்பனை செய்வோர் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டத்தின்படி தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறோம்.

மின்செலவு பலர் அஞ்சும் அளவினதன்று. 150 வாட் மோட்டார் 48 மணி ஓடினால் 7 யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும். அச்சம் இரவைப் பற்றியே. எல்லோரும் உறங்கும்போது ஒரு மோட்டார் தனியே ஓடுவது, புகை கண்ட எமக்கு உவப்பாயில்லை. மூன்று முள் பிளக்கும், நில இணைப்பும், மின்கசிவு கண்டால் தானே நிற்கும் சுவிட்சும் பொருத்திய பின்னரும் மனம் அமைதியுறவில்லை. இதற்கிடையே, இரவுப் பணி முடித்துப் பகலிலும், சில நாள் இரவிலும் உறங்க வேண்டிய அடுத்த வீட்டுத் தம்பி ஒருநாள் வாசலில் வந்து நின்றார். ‘அக்கா, குறை சொல்வதாக எண்ண வேண்டா. உங்கள் கல் எங்கள் சுவருக்குள்ளேயே ஓடுகிறது’ என்றார். இரு வீட்டுக்கும் ஒரே சுவர். அவர் சொன்னதில் பிழையில்லை.

ரப்பர் விரிப்பின் மேல் கிரைண்டரை வைத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளினோம். ஒலி பாதியாகக் குறைந்தது. இரவு ஒன்பது மணிக்கு நிறுத்திவிடுகிறோம். குழம்பைச் சூட்டோடு எவர்சில்வர் பாத்திரத்தில் வடித்து மூடி, குழவிகளைச் சுரண்டி எடுத்து வைக்கிறோம். காலையில் அப்பாத்திரத்தை மெல்லிய சூட்டில் இளக்கி, கல்லையும் சூடாக்கி, மீண்டும் ஊற்றி ஓட்டுகிறோம். இரண்டு நாளில் முடிந்த வேலை இப்போது நான்கு நாள் பிடிக்கிறது. சாக்லேட்டின் வழவழப்பில் வேற்றுமை தெரியவில்லை. புஷ்களையும் முன்போல் அடிக்கடி மாற்ற நேர்வதில்லை. பகலில் அவர் உறங்கும் நாள்களை மட்டும் முன்கூட்டியே கேட்டு, நாட்காட்டியில் குறித்துக்கொள்கிறோம்.