ஒரே முகம், இரண்டு மதிப்பீடு – ஏன்?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை)



நாற்று நடவு, களையெடுப்பு, செங்கல் சூளை என்று வருடம் பூராவும் வெயிலில் நிற்கிறோம். கன்னத்தில் மங்கு, நெற்றியில் சுருக்கம், கழுத்தில் சொரசொரப்பு வருகிறது. தோல் டாக்டரிடம் போனால் ஒருத்தர் "லேசாத்தாம்மா இருக்கு" என்கிறார். இன்னொருத்தர் "ரொம்ப பாதிச்சிருக்கே" என்கிறார். "யாரை நம்புறது?" என்று வெறுத்துப்போய், கடையில் ஏதோ ஒரு களிம்பை வாங்கித் தடவுகிறோம். ஆபத்தே அங்கேதான் ஆரம்பிக்கிறது. அதனால் இந்த வித்தியாசம் ஏன் வருகிறது என்று இன்று பேசுவோம்.

சர்க்கரை நோய்க்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. எண் வந்துவிடும். வெயிலால் வந்த தோல் பாதிப்பைப் பெரும்பாலும் கண்ணால் பார்த்துத்தான் மதிப்பிடுகிறார்கள். ஒருத்தர் சுருக்கத்தைப் பெரிதாக எடுப்பார். இன்னொருத்தர் கருமையைப் பார்ப்பார். பாதிப்பே இல்லாத முகத்திலும் மிக மோசமான முகத்திலும் குழப்பம் குறைவு. நடுத்தரத்தில்தான் ஆளுக்கொரு கணக்கு.

நம்ம குழுக்களைத் தரம் பிரிப்பதை நினைத்துப் பாருங்க. "குழு நல்லா நடக்குதா?" என்று பொதுவாகக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். கூட்ட வருகை, சேமிப்பு, கடன் திருப்பிச் செலுத்தியது என்று தனித்தனியாக மதிப்பெண் போட்டால் பதில்கள் நெருங்கி வரும், இல்லையா?

டாக்டர்களும் அப்படி ஒரு வழி கண்டார்கள். 1992-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத் தோல் மருத்துவர்கள் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். 0 என்றால் பாதிப்பு இல்லை, 8 என்றால் கடுமையான பாதிப்பு. 0, 2, 4, 6, 8 என்ற படிகளுக்கு மாதிரிப் புகைப்படங்கள் வைத்தார்கள். "லேசு", "நடுத்தரம்" என்ற வார்த்தையை மட்டும் வைத்து மதிப்பிட்டதைவிட, படத்தோடு ஒப்பிட்டு மதிப்பிட்டபோது டாக்டர்களின் கருத்து அதிகமாக ஒத்துப்போனது. அதே டாக்டர் மறுபடி பார்த்தபோதும் மதிப்பெண் அதிகம் மாறவில்லை.

ஆனால் வெள்ளைத் தோலுக்கு எடுத்த படம் எல்லாருக்கும் பொருந்தாது. நம்மைப் போன்ற மாநிறம், கறுப்பு நிறத் தோலில் சுருக்கம் தாமதமாக வரும், கருந்திட்டு முந்தி வரும். அதனால்தான் 2001-ல் கொரிய மருத்துவர்கள் தங்கள் மக்களுக்குச் சுருக்கத்துக்குத் தனி, நிறமாற்றத்துக்குத் தனி என்று அளவுகோல் செய்துகொண்டார்கள்.

இதில் நமக்கு என்ன பாடம்? இரண்டு டாக்டர் இரண்டு விதமாகச் சொன்னால், ஒருவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. "எதை வச்சு சொல்றீங்க டாக்டர்? சுருக்கமா, கருமையா, சொரசொரப்பா?" என்று தயங்காமல் கேளுங்கள். சீட்டைப் பத்திரமாக வையுங்கள். முடிந்தவரை ஒரே டாக்டரிடம் போங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஒரே இடத்தில், அதே காலை வெளிச்சத்தில், பவுடர் பூசாமல் செல்போனில் முகத்தைப் படம் எடுத்து வையுங்கள். கூடியதா, குறைந்ததா என்று படமே சொல்லும்.

கடைக் களிம்பில் ஸ்டீராய்டு இருந்தால் முதலில் முகம் பளிச்சென்று தெரியும். பிறகு தோல் மெலியும், சிவக்கும், பரு வரும், முடி முளைக்கும். டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கவே வேண்டாம்.

வேலைக்குப் போகும்போது தலையில் துண்டு, முழுக்கைச் சட்டை போடுங்கள். உச்சி வெயிலில் நிழலில் ஓய்வு எடுங்கள். ஆறாத புண், திடீரென்று வளரும் மச்சம் இருந்தால் லேசா, அதிகமா என்று யோசித்துக்கொண்டு இருக்காமல் உடனே காட்டுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை எல்லா உறுப்பினர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.