தணிக்கையும் நடுவுநிலையும்

(பயிற்சி அலுவலர்களும் கல்லூரி மாணவர்களும் பங்குகொண்ட விவாத அரங்கின் நிறைவில் ஆற்றிய உரை)



“தணிக்கை வேண்டுமா, வேண்டாமா?” என்ற பொருள்பற்றி இரு தரப்பினரும் திறம்பட வாதிட்டீர்கள். ஆயினும், நடைமுறையில் நம்முன் எழும் கேள்வி சற்று வேறானது. நீக்கத்தக்கது எது என்பதை எவர், எந்த முறையில், யாவர்க்கும் ஒன்றுபோல் தீர்மானிக்கிறார் என்பதே அது.

பணியில் சேர்ந்த புதிதில் ஓர் அலுவலகத்தின் அறிவிப்புப் பலகை என் பொறுப்பில் இருந்தது. இரு ஊழியர் சங்கங்கள் அதில் தத்தம் அறிக்கைகளை ஒட்டி வந்தன. ஒருநாள், நிர்வாகத்தைக் கடுஞ்சொற்களால் சாடிய அறிக்கை ஒன்றை அகற்றினேன். எழுத்தர் ஒருவர் அமைதியாகக் கேட்டார்: “பக்கத்துத் தாளிலும் அதே சொற்கள்தாமே உள்ளன, ஐயா?” உண்மைதான். அச்சொற்கள் எதிர்ச்சங்கத்தை நோக்கியவை. நிர்வாகத்தை நோக்கியவை அல்ல. ஆகவே அவை என் கண்ணில் படவில்லை. அகற்றிய தாளை மீண்டும் ஒட்டச் செய்தேன். எனினும், அச்சங்கத்தினர் அதன்பின் எந்தக் குறையையும் என்னிடம் கொண்டுவரவில்லை.

ஒரே நாளில் இரு தீர்ப்புகள்

1950 மே 26 அன்று உச்ச நீதிமன்றம் இரு வழக்குகளில் தீர்ப்பளித்தது. இடதுசாரி இதழான ‘கிராஸ் ரோட்ஸ்’ சென்னை மாநிலத்தினுள் வருவதற்கு விதிக்கப்பட்ட தடை பற்றியது ஒன்று. ‘ஆர்கனைசர்’ வார இதழ், வகுப்புப் பிரச்சினைகளையும் பாகிஸ்தானையும் பற்றிய செய்திகளை அச்சிடுமுன் தணிக்கைக்கு அனுப்ப வேண்டும் என்ற தில்லி ஆணை பற்றியது மற்றொன்று. அரசியலில் அவ்விரு இதழ்களும் எதிரெதிர் முனைகளில் நின்றவை. நீதிமன்றமோ ஒரே அளவுகோலால் இரு ஆணைகளையும் செல்லாதவையாக்கிற்று. 1951-இல் அரசியலமைப்பின் முதல் திருத்தம், ‘பொது ஒழுங்கு’ என்பதைக் கட்டுப்பாட்டுக்குரிய காரணங்களுள் சேர்த்தது. எனினும், கட்டுப்பாடு ‘நியாயமானதாக’ இருக்கவேண்டும் என்ற சொல்லும் அத்திருத்தத்திலேயே இடம்பெற்றது.

தகவலின் விலை

பொருளாதாரம் பயின்றவன் என்ற முறையில் ஒன்றைக் கூற விரும்புகிறேன். 1943-இல் வங்கத்தில் இலட்சக்கணக்கானோர் பட்டினியால் மடிந்துகொண்டிருந்தபோது, போர்க்காலத் தணிக்கை அச்செய்தியை அடக்கி வைத்திருந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் கல்கத்தா ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளேடு வெளியிட்ட புகைப்படங்களே துயரத்தை உலகறியச் செய்தன. மக்களாட்சியும் ஓரளவு சுதந்திரமான பத்திரிகைகளும் உள்ள சுதந்திர நாட்டில் பெரும்பஞ்சம் நேர்ந்ததில்லை என அமர்த்தியா சென் பின்னர் எடுத்துரைத்தார். தணிக்கையால் குடிமகன் மட்டும் இழப்பதில்லை. எங்கே தவறு நிகழ்கிறது என்று அறியும் வாய்ப்பை அரசும் இழக்கிறது. என் அறிவிப்புப் பலகை எனக்குக் கற்பித்ததும் இதுவே.

இணையமும் நெறிமுறையும்

இன்று அறிவிப்புப் பலகை இணையத்திற்கு இடம்பெயர்ந்துள்ளது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, ‘எரிச்சலூட்டும்’ செய்திகளைக்கூடக் குற்றமாக்கிற்று. அச்சொல்லின் பொருள் ஆளுக்கு ஆள் மாறும். 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அப்பிரிவைச் செல்லாததாக்கிற்று. அதே தீர்ப்பில், இணையத் தகவல்களைத் தடைசெய்ய அதிகாரமளிக்கும் 69ஏ பிரிவு நிலைநிறுத்தப்பட்டது. தடைக்குரிய காரணங்கள் குறிப்பிட்டவை. அவை எழுத்தில் பதிவாகவேண்டும். ஒரு குழு அவற்றை ஆராயவேண்டும். இப்பாதுகாப்புகளை நீதிமன்றம் கருத்திற்கொண்டது.

பெருநிறுவனங்களும் இத்தகைய அதிகாரத்தைச் செலுத்துகின்றன. ஆகவே, பெரிய சமூக ஊடகங்கள் தாமாகவே ஒரு பதிவை நீக்கினால், பதிவிட்டவருக்குக் காரணத்தைத் தெரிவித்து மறுப்புரைக்க வாய்ப்பளிக்க வேண்டும் என 2021-ஆம் ஆண்டு விதிகள் கூறின.

இளம் அலுவலர்களே, ஒன்றை நீக்க எண்ணும்போது மூன்று வினாக்களை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். காரணத்தை எழுதிக் கையொப்பமிட இயலுமா? பாதிக்கப்பட்டவர் முறையிட இடமுண்டா? நமக்கு உவப்பானவர் இதையே சொல்லியிருந்தாலும் நீக்கியிருப்போமா? மூன்றாவது வினாவிற்கு விடை கூறுவதே கடினம். அவ்வெழுத்தர் அன்று என்னிடம் கேட்டது அதைத்தான்.