ஆறுதலை ஏற்றலும் பண்பே
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஊர் விட்டு வந்து மல்லேஸ்வரத்தில் வாழும் நம் குடும்பங்களிடையே ஒரு நல்வழக்கம் உண்டு. அண்டை வீட்டார் பண்டம் அனுப்பிய பாத்திரத்தை நாம் வெறுமையாகத் திருப்புவதில்லை. ஒரு பிடி சர்க்கரையேனும் இட்டே அனுப்புகிறோம். அவ்வழக்கமே ஒருகால் நமக்கு இடையூறாயிற்று என்பதைக் கூறவே இன்று முன்வந்தோம்.

சென்ற ஆண்டு தந்தையாரை இழந்தோம். கண்ணீர் வரவில்லை, உறக்கமும் வரவில்லை. அலுவலகப் பதிவேடுகளில் பிழைகள் மலிந்தன. இல்லத்தரசியாரின் வற்புறுத்தலால் மனநல ஆலோசகர் ஒருவரை நாடினோம். அவ்வம்மையார் கன்னடம் கலந்த தமிழில், "மிகவும் சுமந்துவிட்டீர்கள், ஐயா" என்றார். உடனே நாம் ரயில் தாமதத்தைப் பற்றிப் பேசலானோம்! கட்டணம் பெறுபவர் காட்டும் பரிவு மெய்யாகுமோ என்றும் ஐயுற்றோம்.

மூன்றாம் முறை பழப்பையுடன் சென்றோம். அவர் புன்னகையோடு மறுத்து, "பரிவை ஏற்க ஏன் இவ்வளவு சங்கடம்? இன்று அதையே பேசுவோமே" என்றார். அப்போதன்றோ உள்ளே கிடந்தது வெளிவந்தது! தந்தையார் நோயுற்றிருந்தபோது பணம் அனுப்பினோமேயன்றி அருகில் இருந்தோமில்லை. ஆகவே, ஆறுதல் பெறத் தகுதியற்றவர் என நமக்கு நாமே தீர்ப்பளித்திருந்தோம். அன்றுதான் அழுதோம்.

அமெரிக்க உளவியலறிஞர் கார்ல் ராஜர்ஸ், 1957-ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில், ஆலோசகர் நிபந்தனையற்ற பரிவு காட்டுவது மட்டும் போதாது, அது நாடி வந்தவரின் உள்ளத்தை ஓரளவேனும் எட்டவும் வேண்டும் என்று எழுதினார். எனவே, "உங்கள் பரிவை நம்ப இயலவில்லை" என்று அவரிடமே சொல்லிவிடுதலும் மருத்துவத்தின் ஒரு பகுதியே. கட்டணம் அவருடைய நேரத்திற்கும் பயிற்சிக்கும் உரியது; அதனால் பரிவு பொய்யாகிவிடாது.

இந்நகரில் 1954-இல் தொடங்கப்பெற்ற அகில இந்திய மனநல நிலையமும் பழைய மனநோய் மருத்துவமனையும் இணைந்து, 1974-இல் நிம்ஹான்ஸ் நிறுவனம் உருவாயிற்று. 2022 அக்டோபர் முதல் 14416 என்னும் எண்ணில், கட்டணமின்றித் தமிழிலும் ஆலோசனை பெறலாம். இத்துணை வசதிகள் அருகிருந்தும், "பிறருக்கு ஏன் தொந்தரவு?" என்று வாளாவிருத்தல் தகுமா?

நம் துயர் முற்றும் தீர்ந்ததென்று கூறோம். ஆயினும் இப்போது வெறுங்கையோடு அவ்வறைக்குச் செல்கிறோம். சொல்லும் ஆறுதலை மறுமொழியின்றிக் கேட்கிறோம். அன்பர்களும் வேண்டும்போது அவ்வாறே தயங்காது உதவி நாடுக என வேண்டி அமைகிறோம்.