வரமும் பூசாரியும்

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பது நம் நாட்டுப் பழமொழி. 2019ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மூண்ட ஒரு விவாதத்துக்கு இது நன்கு பொருந்தும்.

ரஷ்யாவின் ஆதரவு பெற்ற படைகளோடு 2014 முதல் பொருதுவந்த உக்ரைனுக்கு அமெரிக்கக் காங்கிரஸ் இராணுவ உதவி ஒதுக்கியிருந்தது. அதில் ஏறத்தாழ 39 கோடி டாலர் நிறுத்தி வைக்கப்பட்டது. ஜூலை 25 அன்று ஜனாதிபதி டிரம்ப், உக்ரைன் ஜனாதிபதி செலென்ஸ்கியோடு தொலைபேசியில் பேசுகையில், தம் அரசியல் எதிராளியான பைடன் குறித்து விசாரிக்குமாறு கேட்டார். செப்டம்பர் 11 அன்று உதவி விடுவிக்கப்பட்டது.

உக்ரைனில் ஊழல் மிகுதி என்பதே காரணம் என்றனர் டிரம்ப் தரப்பினர். தம்மை எவரும் நெருக்கவில்லை என்றார் செலென்ஸ்கி. எனினும் டிரம்ப் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் எனப் பிரதிநிதிகள் சபை டிசம்பர் 18 அன்று குற்றஞ்சாட்டியது. 2020 பிப்ரவரி 5 அன்று செனட் சபை அவரை விடுவித்தது. இடையே ஜனவரியில், பணத்தை நிறுத்தியது 1974ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முரண் எனக் காங்கிரசின் தணிக்கை அலுவலகம் கூறிற்று.

உதவி வேண்டாமெனக் கருதும் ஜனாதிபதி, காரணத்தை எழுதிக் காங்கிரசின் இசைவைக் கேட்க அச்சட்டமே வழி வகுத்திருக்கிறது. அவ்வழி இருக்க, மறைவில் நிறுத்தினால், பூசாரி தம் தட்டை நீட்டுகிறாரோ என்னும் ஐயம் எழாதா? அவ்வேளை வரத்துக்காகக் காத்திருந்தவன் போர்முனையில் நின்ற சிப்பாய்.

பொதுப்பணத்தின் சாவி ஒருவர் கையில் இருக்கலாம், பணம் குடிமக்களுடையது.