ஒழுக்கை அடைச்சாத்தான் பூசணம் போகும்
(குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2020 டிசம்பரில் புரெவிப் புயலால் யாழ்ப்பாணத்தில் அடைமழை கொட்டியது. அதன் பிறகு அலுவலாக அங்கே போன நாங்கள் ஒரு வீட்டில் தங்கினோம். சுண்ணாம்புக்கல் சுவர், தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கூரையில் ஓடு ஒன்று விலகி, சுவரெல்லாம் ஈரம். "கறுப்பாப் பூஞ்சணம் பிடிச்சிட்டுது" என்று வீட்டுக்கார அம்மா வெள்ளையடித்தார். ஒரு மாதம் போகவில்லை, அதே இடத்தில் திரும்பப் பூத்தது. பிள்ளைக்கு இரவிரவாக இழுப்பு. ஓடு மாற்றி, சுவர் காய்ந்த பிறகுதான் பூஞ்சணம் நின்றது.

நம்ம லயத்திலும் இதே கதைதான். தகரத்தில் ஒரு ஆணி ஓட்டை போதும். ஈரம் இருந்தால்தான் பூசணம் வளரும். நனைந்ததை ஓரிரு நாளுக்குள் காய வைத்தால் பெரும்பாலும் பிடிக்காது.

ஆகவே முதலில் ஒழுக்கை அடையுங்கள். நம்மால் முடியாத கூரை வேலையென்றால் தோட்ட நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுத்து, பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மூக்கையும் வாயையும் துணியால் கட்டி, சவர்க்காரத் தண்ணீரால் சுவரைத் தேய்த்துக் கழுவிக் காய விடுங்கள். காய்ந்த பூசணத்தை விளக்குமாறால் தட்டாதீங்க. தூள் நெஞ்சுக்குள்ளே போகும். ஊறி நாறிய மெத்தையை எறிந்துவிடுங்கள். சமைக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

பிள்ளைக்கு இழுப்பு வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டிலே பூசணம் இருக்குன்னும் சொல்லுங்கள்.

சுண்ணாம்பு பூசணத்தை மறைக்கும்; ஒழுக்கை அடைக்காது.